காய்ச்சலில் போனவர்கள்

எங்கள் பிர்க்காவைச் சேர்ந்த கிராமங்களில் பிள்ளைப்பேற்றில் ஒரு பெண்கூடச் செத்ததில்லை என்று சர்க்கார் கணக்கு சொன்னது. போன வருஷம் பூஜ்யம். அதற்கு முந்தின வருஷமும் பூஜ்யம். சேலத்தில் ஜில்லா ஹெல்த் ஆபீசர் அந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்துப் போட்டு, "உங்க பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் இரும்பும்மா" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இரும்புகளின் கையைப் பிடித்துப் பார்க்கிறவள் நான். பாதிப் பேருக்கு நகத்தில்கூட ரத்தம் கிடையாது.

நான் பெரியநாயகி. சேலத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகிச் சீக்கிரமே தாலியறுத்தேன். மூலையில் உட்காரச் சொன்னவர்களோடு சண்டை போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் மருத்துவச்சிப் படிப்புப் படித்து வந்தேன். முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஜில்லா போர்டார் என்னை வெண்ணந்தூருக்கு அனுப்பினார்கள். வாடகைக்கு ஓர் ஓட்டு வீடு, ஒரு தகரப் பெட்டி, ஒரு ஸ்பிரிட் அடுப்பு, வாசலில் ஒரு பலகை. அதற்குப் பெயர் பிரசவ நிலையம். பலகை தொங்கியதே தவிர, முதல் நாலு மாதம் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"ஜில்லாவுக்கு இருக்கிறதே நாலஞ்சு மருத்துவச்சிங்கதான்," என்றார் ஆபீசர். "ஆள் சாகிற இடத்துக்குத்தானே அனுப்பணும்? பள்ளிபாளையம் பக்கம் பிரசவத்துல நிறையப் பேர் போறாங்க. மாசி முடிஞ்சதும் அங்கே போய்ச் சேர்ந்துடுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. கிராமத்தில் ஒருவர் செத்தால் வீட்டுக்காரர்கள் கிராம அதிகாரியான மணியக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் மரணப் புஸ்தகத்தில் பெயர், வயது, காரணம் எழுதுவார். காரணத்துக்கு அச்சடித்த கட்டங்கள் உண்டு. காலரா, வைசூரி, காய்ச்சல், பேதி, பிரசவம், பாம்புக்கடி, இப்படி. மாதா மாதம் அந்தக் கணக்கு தாலுகாவுக்குப் போய், ஜில்லாவுக்குப் போய், கடைசியில் சென்னையில் மாகாணம் முழுவதற்கும் ஒரே புஸ்தகமாக அச்சாகும். எந்த ஊருக்கு ஊசி, எந்த ஊர்க் கிணற்றுக்கு மருந்து, எந்த ஊருக்கு மருத்துவச்சி என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். பூஜ்யம் என்று எழுதிக்கொண்டவர்களுக்கு யார் ஆள் அனுப்புவார்கள்?

எனக்கு இடமாற்றம் பெரிதில்லை. பெட்டியைத் தூக்கினால் எந்த ஊரும் ஒன்றுதான். ஆனால் செங்காட்டுவலசு என்ற கிராமத்தில் வசந்தாமணி என்று ஒரு பெண் இருந்தாள். மணியக்காரர் சென்னியப்பக் கவுண்டரின் இரண்டாம் தாரம். தலைப்பிள்ளை வயிற்றில். தாய் இல்லாத பெண் என்பதால் பிள்ளைப்பேற்றுக்கு அனுப்பப் பிறந்த வீடும் இல்லை. ஆறாம் மாதத்திலேயே அவள் கால் வீங்கி, விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் அடுப்பில் காட்டினால் மோர் மாதிரித் திரிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் நெருங்கும்போது வலிப்பு மாதிரி இழுப்பு வரும். அந்த நேரத்தில் விவரம் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். மாசி முடியும்போது அவளுக்கு எட்டு மாதம். நான் போய்விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

அந்தக் கவலையோடுதான் சேலத்திலிருந்து திரும்பினேன். பஸ் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அலவாய்மலையைப் பார்த்தபடி நடந்தேன். நல்ல வெயில். வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. பெட்டியை அதன்மேல் இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்தேன். கையெல்லாம் சுண்ணாம்பு ஒட்டியது.

சுமைதாங்கி எல்லா ஊரிலும் இருப்பதுதான். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு போகிறவர்கள் இன்னொருவர் கை இல்லாமலே அதில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையை இறக்காமலே செத்துப்போன பெண்ணுக்கு, அவளுடைய சுமை இறங்கட்டும் என்று வீட்டார் நட்டு வைக்கிற கல் அது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஒன்று இருந்தது. அப்படியிருந்தும் இத்தனை நாள் இந்த வழியாகப் போய்வந்து, தினம் ஒரு கல்லில் பெட்டியை இறக்கி வைத்த எனக்கு மண்டையில் உறைக்கவில்லை. படிப்பு வேறு படித்திருக்கிறேனாம்.

சுண்ணாம்பைத் துடைத்துப் பார்த்தேன். 'கந்தம்மாள், தாது வருஷம் ஐப்பசி' என்று வெட்டியிருந்தது. கந்தம்மாள் செங்காட்டுவலசில் தறி நெய்கிற கந்தவேலின் மனைவி. அவள் ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று எனக்குச் சொன்னார்கள். நான் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவள் மாசமாக இருந்தாள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. கூப்பிட்டால் ஓடிப்போகிற தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மிச்ச வழி முழுவதும் ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்துக்கொண்டே போனேன். பழையவை நிறைய. ஆனால் கடந்த நாலைந்து வருஷங்களில் நட்டவையும் ஒரு கை விரல்களில் அடங்காது. பூஜ்யம் என்று காகிதத்தில் எழுதின ஊர், ரோடு நெடுகக் கல்லை நட்டு வைத்திருந்தது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சென்னியப்பரிடம் போனேன். நல்ல மனிதர்தான் அவர். குத்தகைக்கு விட்ட நிலத்தில் மழை பொய்த்தால் கறாராகக் கேட்கமாட்டார். நாற்பதைத் தொட்டவர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மணியக்காரரே, கந்தவேல் சம்சாரம் எதுல செத்தாங்க?"

"காய்ச்சலுங்க நர்சம்மா."

"அப்புறம் வழியில கல்லு நிக்குதே, அது எதுக்கு?"

அவர் முகம் மாறிவிட்டது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி மாட்டுக் கட்டுத்தறிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார்.

"ஊட்டுக்குள்ள மாசமா ஒருத்தி இருக்கறா. அந்தப் பேச்சை இங்க எடுக்காதீங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. "வயித்துச் சுமையோட போனவளைப் பத்தி வாயில சொல்லக் கூடாதுங்க. சொன்னா, அது இன்னொரு வயித்தைத் தேடிக்கிட்டு வந்துரும். கல்லு நடுவோம், தருமம் பண்ணுவோம், வாயைத் தொறக்க மாட்டோம். செத்தூட்டுக்காரங்க எங்கிட்ட வந்து காய்ச்சல்னு சொல்லுவாங்க. நானும் அப்படியே எழுதுவேன். எங்கய்யன் மணியம் பாத்த காலத்துலயும் இப்படித்தானுங்க."

"அது பொய்க் கணக்கு இல்லையா?"

"சாகும்போது யாருக்குங்க ஒடம்பு சுடாம இருக்குது?"

அதை அவர் கேலிக்குச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அந்த வெள்ளந்தித்தனம் என்னை இன்னும் எரிய வைத்தது.

"உங்க காய்ச்சல் கணக்கைப் பார்த்துத்தான் என்னைப் பள்ளிபாளையத்துக்குத் தூக்கிட்டாங்க. மாசிக்கு அப்புறம் உங்க சம்சாரத்தை யாரு பார்ப்பாங்க? அவங்க காலை நீங்க பார்த்தீங்களா?"

"பாத்தேனுங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "சேலம் பெரியாசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறேன். எட்டு மாசத்துல வண்டி ஏத்தி ஆட்டக் கூடாதுன்னு ஆத்தா சொல்லுது."

"இழுப்பு வந்த பிறகு மாட்டு வண்டியில ஏத்துனா பாதி வழி தாண்டாது. மூத்த சம்சாரம் எதுல போனாங்க?"

"வள்ளியாத்தாளுங்களா? அவளும் காய்ச்சல்தானுங்க," என்றார், மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே.

அதை நான் நம்பினேன். வழியில் வள்ளியாத்தாள் பெயரில் எந்தக் கல்லும் இல்லை.

அன்றைக்கே ஆபீசருக்கு எழுதினேன். கல்லில் இருந்த பெயர்களையெல்லாம் எழுதி, ஊர் ஊராக இப்படித்தான் நடக்கிறது, கணக்கை நம்பாதீர்கள் என்று கொஞ்சம் காரமாகவே எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. சென்னையில் இருப்பவர்கள் கல்லைக் கேட்கமாட்டார்கள், மணியக்காரரின் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். இருந்தாலும் தாம் ராசிபுரத்துக்கு முகாம் வரும்போது செங்காட்டுவலசுக்கு வந்து நேரில் விசாரிப்பதாகவும், மணியக்காரரும் வீட்டுக்காரர்களும் வாய்விட்டுச் சொன்னால் இடமாற்றத்தை நிறுத்தி வைப்பதாகவும் எழுதியிருந்தார். மனிதர் நியாயமானவர்தான். ஆனால் வாயைத் திறக்க மாட்டோம் என்கிறவர்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

இடையில் வசந்தாமணியை ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்கப் போனேன். உப்பில்லாத சாப்பாடு, படுக்கை, வெளிச்சம் கண்ணில் படாத அறை. கலகலவென்று பேசுகிற பெண் அவள். மேச்சேரிப் பக்கம் ஆட்டுக்காரர் வீட்டில் வளர்ந்தவள். உப்பில்லாத களியைத் தின்னச் சொன்னால், "எங்க ஊர் ஆடுகூட இதை மோந்து பாத்துட்டுப் போயிருமுங்கக்கா" என்பாள். ஒருநாள் தலை வலிக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். இழுப்புக்கு முன்னால் வருகிற அறிகுறிகள் அவை.

"ஏனுங்கக்கா, மூத்தவளுக்கும் இப்படித்தான் கால் வீங்குச்சாமா?" என்று திடீரென்று கேட்டாள்.

"யார் சொன்னா?"

"வெளுக்கத் துணி எடுக்க வந்தவ சொன்னா. அவளுக்கும் ஏழு மாசத்துல கால் இப்படித்தான் தூண் மாதிரி இருந்துச்சாமா. அவ காய்ச்சல்லதான செத்தா? மாசமாவா இருந்தா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளுடைய மாமியார் கண்ணாத்தாள் உள்ளே வந்துவிட்டாள். "பொழப்பத்தவ என்னமோ ஒளறிட்டுப் போயிருக்கறா. நீ கண்ணை மூடிப் படு அம்மிணி," என்று அதட்டிவிட்டு, என்னைப் புறக்கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே போனதும் அந்த அதட்டலெல்லாம் போய்விட்டது.

"பத்தூடு தேடியும் இந்தச் சுத்துப்பட்டுல எம் மகனுக்குப் பொண்ணு குடுக்கலீங்க," என்றாள். "சுமையோட ஒருத்தி போன ஊட்டுல எந்த அப்பன் புள்ளையக் குடுப்பான்? அதுக்குத்தான் மேச்சேரிக்குப் போனோம். கல்லு நட்டிருந்தா, மாப்பிள்ளை ஊடு பாக்க வாற ஒறம்பரைச் சனங்க கண்ணுல அதுதான மொதல்ல படும்? அதனால வள்ளியாத்தாளுக்குக் கல்லே நடலீங்க."

மற்ற பெண்களுக்குப் புஸ்தகத்தில்தான் இடமில்லை, ரோட்டிலாவது ஒரு கல் இருந்தது. வள்ளியாத்தாளுக்கு அதுவும் இல்லை. இந்தக் கிழவியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. அவள் வேண்டுமென்று கெட்டது செய்கிறவள் இல்லை. மகனுக்கு ஒரு குடும்பம் வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

மாசி கடைசி வாரத்தில் ஆபீசரின் மோட்டார் செங்காட்டுவலசுக்கு வந்தது. மணியக்காரர் வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு மேஜை நாற்காலி வைத்திருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

ஆபீசர் என் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கந்தவேல்தான் முதலில் வந்தான். இளைத்துப்போயிருந்தான்.

"உன் சம்சாரம் எப்படிச் செத்தாங்க?"

"காய்ச்சலுங்க சாமி."

"அப்ப ரோட்டுல கல்லு எதுக்கு வெச்சே?"

"தருமத்துக்குங்க."

அடுத்தவரும் காய்ச்சல் என்றார். அதற்கடுத்தவரும் அதுவே. கல்லு எதுக்கு என்றால் தருமத்துக்கு, வேண்டுதலுக்கு, பாட்டன் சொல்லிட்டுப் போனாரு. ஒருவர், கல் சும்மா கிடந்தது, நிமிர்த்தி வைத்தேன் என்றார். பின்னால் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. சென்னியப்பரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளியாத்தாள் பெயரை நான் அங்கே போட்டு உடைத்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய இளையவள் இருந்தாள். அவளுக்கு இழுப்பு வர அந்த ஒரு அதிர்ச்சி போதும் என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆபீசர் பேனாவை மூடினார். "மணியக்காரரே, நீங்க என்ன சொல்றீங்க?"

"எழுதுனது எழுதுனபடிதானுங்க எசமான்," என்றார் சென்னியப்பர்.

அப்போது சுவரோரம் சலசலப்புக் கேட்டது. கண்ணாத்தாள், "அடியே, வேண்டாம் அம்மிணி, நில்லு" என்றாள். வசந்தாமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். முகமெல்லாம் வீங்கி, கண் இரண்டும் கீறல் மாதிரி இருந்தன. அந்த ஊரில் கவுண்டர் வீட்டுப் பெண் பத்து ஆண்களுக்கு முன்னால் வந்து நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, நாளைக்கு நான் போயிட்டா எனக்கும் காய்ச்சல்னுதான் எழுதுவீங்களா?"

சென்னியப்பர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. தோள் குலுங்கியது. அவ்வளவு பெரிய மனிதர் ஊருக்கு முன்னால் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"வள்ளியாத்தாள் காய்ச்சல்ல போகலீங்க எசமான்," என்றார் கடைசியில். "வயித்துல எட்டு மாசப் புள்ளையோட போனா. இழுப்பு வந்து போனா. எங் கையாலதான் காய்ச்சல்னு எழுதுனேன். கல்லும் நடலை. மணியத்தைப் புடுங்கிக்கிட்டாலும் சரிங்க, எழுதிக்கோங்க."

ஆபீசர் பேனாவைத் திறந்தார். கந்தவேல் முன்னால் வந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எங் கந்தம்மாளுக்கும் புள்ளை குறுக்க நின்னுக்கிச்சுங்க. மூணு நாள் கத்துனாளுங்க" என்றான். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கல்லை நிமிர்த்தி வைத்தேன் என்றவர் தன் மகள் பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் காகிதத்தில் இல்லாத பெயர்களும் வந்தன. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு பெயராகக் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம் வரவே இல்லை.

மேலிடத்து உத்தரவு வரும்வரை நான் வெண்ணந்தூரிலேயே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆபீசர் போனார். அன்றைக்கே பெட்டியைச் செங்காட்டுவலசுக்குத் தூக்கிக்கொண்டு போய் மணியக்காரர் வீட்டிலேயே தங்கிவிட்டேன். ராசிபுரத்து டாக்டரிடமும் சொல்லி வைத்தேன்.

பங்குனி பிறந்த சில நாளில், காலையில் நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த வசந்தாமணி கிண்ணத்தைக் கீழே போட்டாள். கண் மேலே சொருகியது. கை கால் வெட்டி இழுத்தது. கண்ணாத்தாள் பூசாரியைக் கூட்டிவர ஓடினாள். நான் வாசற்படியில் கையைக் குறுக்கே நீட்டி மறித்தேன். "அன்னைக்கு மூத்தவளுக்கும் இப்படித்தானுங்க நர்சம்மா. பூசாரி வந்தும் நிக்கலை," என்று அவள் என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். சென்னியப்பர் சைக்கிளில் ஆளை ராசிபுரத்துக்கு விரட்டினார். நான் துணி சுற்றிய கரண்டியைப் பல்லுக்கு நடுவே கொடுத்து, அவளை இடப்பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஜன்னலையெல்லாம் சாத்தினேன். டாக்டர் வந்து ஊசி போட்டார். இழுப்பு நின்றது. மறுபடியும் வந்தது. மறுபடியும் நின்றது. மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் பிள்ளை வெளியே வந்துவிட்டது. பெண். வயிற்றுக்குள்ளேயே முதல் நாளே போயிருக்க வேண்டும். அது மூச்சு விடவில்லை. நானும் தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

தாய் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவளுக்கு நினைவு திரும்பவில்லை. இழுப்பு வந்ததிலிருந்து நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சென்னியப்பர் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் காட்டுக்குள் புதைத்துவிட்டு வந்தார். குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு ஜனனப் புஸ்தகத்தையும் மரணப் புஸ்தகத்தையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எம் புள்ளையை எதுலீங்க எழுதறது?"

சர்க்கார் விதி எனக்குத் தெரியும். மூச்சு விட்டால்தான் ஜனனம். மூச்சு விட்டுவிட்டு நிறுத்தினால்தான் மரணம். செத்தே பிறந்த பிள்ளைக்கு இரண்டு புஸ்தகத்திலும் இடம் கிடையாது.

"எழுத முடியாதுங்க மணியக்காரரே," என்றேன். "அதுக்குக் கட்டமே கிடையாது."

அவர் மைக்கூட்டைத் திறந்து ஜனனப் புஸ்தகத்தில் எழுதினார். பெண் குழந்தை. தகப்பன் பெயர், தாய் பெயர். பிறகு மரணப் புஸ்தகத்தைத் திருப்பி, வயது ஒரு பொழுது என்று எழுதினார். எழுதி முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சேலத்துல சொன்னா இதை அடிச்சுருவாங்க. சொல்றதுன்னா சொல்லுங்க."

கணக்கில் ஒரு எழுத்துப் பொய்யிருந்தாலும் ஊரையே கூட்டிச் சண்டை போட்ட பெரியநாயகி நான். எனக்குக் கோபமே வரவில்லை. காரணம் என்ன போடுவது என்று கேட்டார். குறைமாசம் என்றேன். அவர் அதையும் எழுதி மை உலர்த்தினார். அந்த வருஷத்து மாகாணப் புஸ்தகத்தில் எங்கள் ஜில்லாவில் செத்த சிசுக்களின் எண்ணிக்கையில் ஒன்று அதிகம். அதைத் திருத்த நான் யாருக்கும் எழுதவில்லை, எழுதப்போவதுமில்லை.

மூன்றாம் நாள் வசந்தாமணி கண் விழித்தாள். முதலில் வயிற்றைத்தான் தடவிப் பார்த்தாள். தட்டையாக இருந்தது. தொட்டிலைத் தேடினாள். கண்ணாத்தாள் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சென்னியப்பர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "பொண்ணுப் பொறந்துச்சு சாமி. ஒரு பொழுது இருந்துட்டுப் போயிட்டா. புஸ்தகத்துலகூட எழுதியிருக்கறேன்" என்றார்.

அவள் அவரை நம்பவில்லை. அவர் என்னவெல்லாம் எழுதியவர் என்று அவளுக்குத் தெரியும். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க படிச்சுக் காட்டுங்க."

புஸ்தகத்தை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். பெண் குழந்தை. தாயார் பெயர் வசந்தாமணி. வயது ஒரு பொழுது. அவள் கையை நீட்டி, எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அழுதாளுங்களா அக்கா?" என்று கேட்டாள்.

சென்னியப்பர் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"அழுதா சாமி," என்றேன். "நல்லாச் சத்தமா அழுதா."